ஒரே புத்தகமாக இல்லாத அரசியலமைப்பு: பிரிட்டன் எப்படி ஓடுகிறது?

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எழுதப்படாத அரசியலமைப்பு உள்ள நாடு எது? பிரிட்டன். ஒரு மதிப்பெண் உறுதி. தேர்வுக்கு அது போதும். ஆனால் தேர்வு முடிந்த பிறகும் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே பலர் பேசுகிறார்கள். டிவி விவாதத்தில் ஒருவர், "அங்கே அரசியலமைப்பே கிடையாது சார், நாடு நல்லாத்தானே ஓடுது?" என்பார். எதிரில் இருப்பவர், "அதனாலதான் அங்கே பிரதமர் வச்சதுதான் சட்டம்" என்று முடிப்பார்.

இருவர் சொல்வதும் சரியில்லை. பிரிட்டனுக்கு அரசியலமைப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி எழுத்திலும் இருக்கிறது. பிரதமர் அதற்குக் கட்டுப்பட்டவர்தான். கட்டுப்படுத்தும் விதம்தான் நமக்குப் பழக்கமில்லாதது.

## அரசியலமைப்பு என்று எதைச் சொல்கிறோம்

யார் ஆள்வது, அவர் எப்படிப் பதவிக்கு வருகிறார், அவருடைய அதிகாரம் எங்கே முடிகிறது, அவரை எப்படி இறக்குவது? இந்தக் கேள்விகளுக்கான விதிகள் எல்லாம் சேர்ந்ததுதான் அரசியலமைப்பு. எந்த நாடானாலும் இவை இருந்தே ஆக வேண்டும்.

நாம் இவற்றை ஒரே ஆவணத்தில் எழுதி வைத்தோம். 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொண்டு, 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தோம். தொடக்கத்தில் 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். நம் அரசியலமைப்புக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, எல்லாம் ஓரிடத்தில் இருப்பது. இரண்டு, மற்ற எல்லாச் சட்டங்களுக்கும் மேலே இருப்பது. அதற்கு முரணாக நாடாளுமன்றமோ சட்டப்பேரவையோ சட்டம் போட்டால் நீதிமன்றம் ரத்து செய்துவிடும்.

பிரிட்டனில் விதிகள் உண்டு, இந்த இரண்டு குணங்கள் மட்டும் இல்லை. விதிகள் பல நூற்றாண்டுச் சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் பழக்கவழக்கங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. மற்ற எல்லாச் சட்டங்களுக்கும் மேலே நிற்கும் சட்டம் என்று எதுவும் இல்லை. இதைத்தான் தொகுக்கப்படாத அரசியலமைப்பு என்கிறோம். நியூசிலாந்தும் இஸ்ரேலும் இதே வகை.

## ஒரு கச்சேரிக்குப் போய் வருவோம்

மார்கழியில் மயிலாப்பூர் பக்கம் ஏதாவது ஒரு சபாவில் போய் உட்காருங்கள். பாடகர் வர்ணத்தில் தொடங்குவார். பிறகு சில கீர்த்தனைகள். நடுவில் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் என்று விரிப்பார். அதையொட்டித் தனி ஆவர்த்தனம் (அப்போது பாதிக் கூட்டம் கேண்டீனுக்குக் கிளம்பும், அதுவே ஒரு சம்பிரதாயமாகிவிட்டது). கடைசியில் துக்கடாக்கள், மங்களம்.

இங்கே இரண்டு வகை விதிகள் வேலை செய்கின்றன. மோகனத்தில் மத்யமம் கிடையாது. பாடகர் தவறி அதைத் தொட்டால், முன்வரிசை மாமா தொடையில் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டுவார். இலக்கணம் அவர் பக்கம் இருக்கிறது. ஆனால் வர்ணத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது ராக இலக்கணமும் இல்லை, தாள இலக்கணமும் இல்லை. இன்றைய கச்சேரி வரிசைக்கு வடிவம் கொடுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ அய்யங்காரைச் சொல்வார்கள். அவர் அப்படிப் பாடினார், கூட்டம் ரசித்தது, மற்றவர்கள் பின்பற்றினார்கள், சபாக்களும் அதையே எதிர்பார்க்கத் தொடங்கின. பிற்காலத்தில் டி.எம். கிருஷ்ணா வர்ணத்தைக் கச்சேரியின் நடுவில் வைத்தார். சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். அபஸ்வரம் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

ராக இலக்கணத்தின் இடத்தில் சட்டத்தையும், கச்சேரி வரிசையின் இடத்தில் மரபையும் வைத்துப் பாருங்கள். பிரிட்டனின் அரசியலமைப்பில் இந்த இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம். கச்சேரியில் மரபு போனால் கொஞ்சம் முணுமுணுப்பு, அவ்வளவுதான். ஆட்சியில் போனால் என்னவாகும் என்பதைக் கீழே பார்ப்போம்.

## எழுத்தில் இருப்பவை

முதலில் சட்டங்கள். 1215இன் மாக்னா கார்ட்டாவை எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அதில் இன்றைக்கும் உயிரோடு இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய பிரிவுகள்தான். அதைவிட வேலை செய்வது 1689இன் உரிமைச் சட்டம். நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் மன்னர் வரி போடக் கூடாது என்றது அதுதான். அரியணை யாருக்கு என்பதை 1701இன் சட்டம் வகுத்தது. நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் கையைக் கட்டியவை 1911, 1949 ஆண்டுகளின் சட்டங்கள். மனித உரிமைச் சட்டம் 1998இல் வந்தது.

இவையெல்லாம் சட்ட அந்தஸ்தில் சாதாரணச் சட்டங்களே. எதையும் காமன்ஸ் சபையில் (மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவை) ஒரு ஓட்டு அதிகமிருந்தால் திருத்தலாம். நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தையும் போடலாம், எதையும் எடுக்கலாம், இன்றைய நாடாளுமன்றம் நாளைய நாடாளுமன்றத்தின் கையைக் கட்ட முடியாது என்பது அங்கே அடிப்படைக் கொள்கை. இதற்கு நாடாளுமன்ற இறையாண்மை என்று பெயர். ஏ.வி. டைசி என்ற சட்ட அறிஞர் 1885இல் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார். நம்மூரில் நிலைமை நேர் எதிர். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, 7க்கு 6 என்ற கணக்கில், நாடாளுமன்றம் திருத்தம் செய்யலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்க முடியாது என்றார்கள். பிரிட்டனில் அப்படியொரு கோட்டை நீதிமன்றம் கிழிக்கவில்லை.

அடுத்தது தீர்ப்புகள். 1610இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் வெறும் பிரகடனம் போட்டே புதுக் குற்றங்களை உருவாக்கப் பார்த்தார். சட்டம் கொடுத்த அதிகாரத்துக்கு மேல் மன்னருக்கு அதிகாரம் இல்லை என்று எட்வர்ட் கோக் தலைமையிலான நீதிபதிகள் கூறினார்கள். நானூறு ஆண்டுகள் கழித்தும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

மூன்றாவதாக, மன்னரிடம் பழங்காலத்திலிருந்து மிஞ்சிக் கிடக்கும் அதிகாரங்கள். ஒப்பந்தம் போடுவது, படை அனுப்புவது, நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைப்பது போன்றவை. மன்னரின் தனியதிகாரம் என்பார்கள். பெயர் மன்னருடையது, பயன்படுத்துவது அமைச்சர்கள்.

## எழுத்தில் இல்லாதவை

இங்கேதான் விஷயம் சூடுபிடிக்கிறது. பிரிட்டனில் பிரதமர் என்ற பதவியை எந்தச் சட்டமும் உருவாக்கவில்லை. 1721இல் பொறுப்பேற்ற ராபர்ட் வால்போலை முதல் பிரதமர் என்று பின்னால் கணக்கிட்டார்கள், அவ்வளவுதான். காமன்ஸ் சபையில் பெரும்பான்மை உள்ளவரை மன்னர் அழைக்க வேண்டும், அமைச்சர்கள் சொன்னபடி மன்னர் நடக்க வேண்டும் என்பவையெல்லாம் மரபுகள். மரபு என்றால், ஆட்சியில் இருப்பவர்கள் தங்களைக் கட்டுப்படுத்துவதாக ஏற்றுக்கொண்ட, ஆனால் நீதிமன்றம் அமல்படுத்தாத விதி.

ஓர் உதாரணம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல் தர வேண்டும். மறுக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் பறிக்கவில்லை. ஆனால் கடைசியாக அப்படி மறுத்தது 1708இல், ஆன் ராணி, ஸ்காட்லாந்து படை பற்றிய ஒரு மசோதாவுக்கு. அதுவும் அமைச்சர்கள் சொல்லித்தான். அதன் பிறகு 300 ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரும் மறுக்கவில்லை.

ஒரு பழக்கம் எப்போது மரபாகிறது? ஐவர் ஜென்னிங்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னார். முன்னுதாரணம் உண்டா? அதில் ஈடுபட்டவர்கள் தாங்கள் கட்டுப்பட்டதாக நினைத்தார்களா? அந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கிறதா? இந்த ஜென்னிங்ஸ் நமக்கு அந்நியர் இல்லை. 1952 மார்ச்சில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நம் அரசியலமைப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றியவர். மிக நீளமாக இருக்கிறது, மிக இறுக்கமாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். ஒரே புத்தகமாக எழுதி வைக்காத வீட்டுப் பிள்ளை வேறெப்படிச் சொல்வார்!

நீதிமன்றம் மரபை அமல்படுத்தாது என்பதை 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொன்னது. ஸ்காட்லாந்துக்கு ஒப்படைத்த விஷயங்களில் அங்குள்ள நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் லண்டன் சாதாரணமாகச் சட்டம் போடாது என்பது மரபு. 2016இல் அதைச் சட்டத்திலேயே எழுதியும் வைத்தார்கள். ஆனாலும், மரபுகளுக்கு நீதிபதிகள் பெற்றோரும் இல்லை, காப்பாளரும் இல்லை, பார்வையாளர் மட்டுமே என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சட்டம், தீர்ப்பு, மன்னரின் தனியதிகாரம், மரபு என நான்கு இடங்களில் விதிகள் இருக்கின்றன. முதல் மூன்றையும் நீதிமன்றத்தில் காட்டி வாதாடலாம். நான்காவதை மீறினால் தண்டனை அரசியல்ரீதியானது: பதவி போகும், ஓட்டு போகும், அல்லது எதுவுமே போகாது.

## மாறுவது எப்படி

சாதாரணச் சட்டத்தாலேயே மாற்றிவிடலாம் என்றேன். அது எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு சமீபத்திய கதை.

தேர்தலை எப்போது வைப்பது என்பதில் பிரதமர் கை ஓங்கியிருந்தது. அதைக் குறைக்க 2011இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், முன்கூட்டியே வேண்டுமென்றால் முக்கியமாகக் காமன்ஸ் சபையின் மொத்த இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அதாவது 650இல் 434 வேண்டும் என்றது. 2019இல் பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது) இழுபறியில் மாட்டிக்கொண்ட பிரதமர் போரிஸ் ஜான்சன் தேர்தல் கேட்டார். மூன்று முறை தீர்மானம் கொண்டுவந்தும் 434 கிடைக்கவில்லை. மூன்றாவது முறை விழுந்தது 299 ஓட்டு. மறுநாளே வேறு வழியில் போனார். "2011 சட்டம் என்ன சொன்னாலும் டிசம்பர் 12 அன்று தேர்தல்" என்ற பொருளில் ஒரு சின்ன மசோதா. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 438க்கு 20 என்று காமன்ஸ் சபையில் நிறைவேறியது, தேர்தலும் நடந்தது. 2022இல் 2011 சட்டத்தையே மூட்டை கட்டினார்கள். மூன்றில் இரண்டு பங்கு என்று போட்ட பூட்டைத் திறக்கப் பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால் போதும் என்பதுதான் நாடாளுமன்ற இறையாண்மையின் அர்த்தம்.

இரண்டாவது வழி, மரபு உடைந்து சட்டமாவது. பட்ஜெட் விஷயத்தில் காமன்ஸ் சபை சொன்னதைப் பிரபுக்கள் சபை தடுக்காது என்பது நெடுநாள் மரபு. 1909இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் நிலவுடைமையாளர்கள் மேல் வரி போட்டார். நிலம் வைத்திருந்த பிரபுக்களுக்குப் பொறுக்கவில்லை. 350க்கு 75 என்ற கணக்கில் தூக்கி எறிந்தார்கள். 1910இல் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. தேவைப்பட்டால் புதுப் பிரபுக்களை நியமித்துப் பெரும்பான்மையை மாற்றித் தருவதாக ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஒப்புக்கொண்டார். அந்த அச்சுறுத்தலில், 1911 ஆகஸ்டில், 131க்கு 114 என்று பிரபுக்கள் தங்கள் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டத்துக்குத் தாங்களே ஓட்டுப் போட்டார்கள். நிதி மசோதாவைத் தடுக்கும் அதிகாரம் போனது. மற்றவற்றைச் சுமார் இரண்டு ஆண்டு தள்ளிப்போடலாம் என்று மிஞ்சியதும் 1949இல் ஓராண்டாகச் சுருங்கியது.

சத்தமில்லாமல் மாறுவதும் உண்டு. பிரபுக்கள் சபையிலிருந்து ஆட்சி நடத்திய கடைசிப் பிரதமர் சாலிஸ்பரி, 1902இல் பதவி விலகினார். 1923இல் மன்னர், பிரபுவான கர்சனை விட்டுவிட்டு காமன்ஸ் உறுப்பினர் பால்ட்வினை அழைத்தார். நம் வங்கத்தை 1905இல் பிரித்தாரே, அதே கர்சன்தான். 1963இல் ஒரு பிரபு பிரதமரானபோது, பட்டத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் நின்று காமன்ஸ் சபைக்கு வந்தார். அவர் பெயர் அலெக் டக்ளஸ்-ஹோம். பிரதமர் காமன்ஸ் சபையில் இருக்க வேண்டும் என்ற விதி எந்த நாளில் பிறந்தது? யாராலும் தேதி குறிக்க முடியாது.

பிறக்கும்போதே தடுமாறும் மரபுகளும் இருக்கின்றன. 2003இல் ஈராக் போருக்கு முன் காமன்ஸ் சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. 2013இல் சிரியா மீது தாக்குதலுக்கான தீர்மானம் 285க்கு 272 என்று தோற்றது, பிரதமர் கேமரூன் தாக்குதலைக் கைவிட்டார். போருக்கு முன் சபையைக் கேட்க வேண்டும் என்ற மரபு வந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். 2018இல் பிரதமர் தெரசா மே ஓட்டெடுப்பு இல்லாமலே சிரியா தாக்குதலில் சேர்ந்தார். மரபு இருக்கிறதா, செத்துவிட்டதா? ஜென்னிங்ஸின் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு இன்றும் வாதாடுகிறார்கள்.

நீதிமன்றமும் மாற்றும். 2019 செப்டம்பரில் ஜான்சன் சொன்னபடி ராணி நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடித்துவைத்தார். செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்த ஆலோசனை சட்டவிரோதம், ஆகவே நாடாளுமன்றம் முடித்துவைக்கப்படவே இல்லை என்றார்கள். மறுநாள் உறுப்பினர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தக்க காரணமில்லாமல் நாடாளுமன்றத்தின் வேலையைத் தடுக்க இந்தத் தனியதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்ற வரம்பை, சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட மாற்றாமல், நீதிபதிகள் வகுத்தார்கள். 1610இன் தீர்ப்பும் அதில் துணைக்கு வந்தது. பிரதமர் வைத்ததுதான் சட்டம் என்று டிவியில் பேசுபவருக்கு இந்த ஒரு வழக்கே போதுமான பதில்.

ஆக, சட்டத்தால், மரபு உடைவதால், மரபு வளர்வதால், தீர்ப்பால் என எல்லாப் பக்கத்திலிருந்தும் அது மாறிக்கொண்டே இருக்கிறது. வளைவதால் உடையாமல் இருக்கிறது என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். வளைக்கிறவர் நல்லவராக இருக்கும்வரை அது வசதி.

## மேலவையைக் கலைத்த இரண்டு ஊர்கள்

இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல எளிய வழி ஒன்று உண்டு. நியூசிலாந்தில் ஒரு மேலவை இருந்தது. 1950இல் ஒரு சாதாரணச் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். மேலவையே ஓட்டுப்போட்டுத் தன்னை முடித்துக்கொள்ள, அதற்கென்றே புது உறுப்பினர்களை நியமித்தார் பிரதமர் சிட்னி ஹாலண்ட். அந்தக் குழுவுக்குத் தற்கொலைப் படை என்றே பெயர் விழுந்தது.

தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1986இல், மேலவை போனது. இங்கே 169ஆவது பிரிவு வழி காட்டுகிறது: சட்டப்பேரவை சிறப்புப் பெரும்பான்மையோடு தீர்மானம் போட வேண்டும், பிறகு டெல்லியில் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 2010இல் தி.மு.க. ஆட்சி மீண்டும் கொண்டுவர முயன்று நாடாளுமன்றச் சட்டம்வரை போனது. 2011இல் ஆட்சி மாறியதும் அ.தி.மு.க. அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. மேலவை இன்றுவரை வரவில்லை.

## நம் புத்தகத்துக்கு வெளியேயும் விதிகள் உண்டு

எல்லாவற்றையும் எழுதிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஜென்னிங்ஸ் சென்னையில் பேசிய அதே 1952இல், முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டப்பேரவையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. ராஜாஜி தேர்தலில் நிற்கவும் இல்லை. ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து முதலமைச்சராகப் பொறுப்பேற்க அழைத்தார். சட்டப் பிரிவுகளில் இதற்கு இடமிருந்தது. மரபுப்படி சரியா என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது.

உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகப் பணியில் மூத்தவரை நியமிப்பதும் மரபுதான், அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி இல்லை. கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த கையோடு, 1973இல், மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ரேயை இந்திரா காந்தி அரசு நியமித்தது. மூவரும் பதவி விலகினார்கள். சட்டப்படி யாரும் எதையும் மீறவில்லை.

இன்னும் அருகில் வருவோம். சட்டப்பேரவையில் ஆளுநர் உரையாற்ற வேண்டும் என்று 176ஆவது பிரிவு சொல்கிறது. உரையை யார் எழுதுவது என்று சொல்லவில்லை. அமைச்சரவை எழுதுவதை ஆளுநர் படிப்பது பிரிட்டனிலிருந்து வந்த மரபு. 2023 ஜனவரி 9 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி சில பகுதிகளை விட்டுப் படித்தார். அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவர, ஆளுநர் வெளியேறினார். புனித ஜார்ஜ் கோட்டையில் அன்றைக்கு நடந்தது மரபைப் பற்றிய சண்டை.

மசோதா ஒப்புதலும் அப்படியே. பிரிட்டனில் 1708க்குப் பிறகு கேள்வியே எழாத விஷயம் இங்கே உச்ச நீதிமன்றம்வரை போனது. 2025 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, ஆளுநர் ஒப்புதல் தராத தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது, காலக்கெடுவும் வகுத்தது. குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு அந்த நவம்பரில் கருத்துச் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது என்றது. காரணமே சொல்லாமல் காலவரையின்றிக் கிடப்பில் போட்டால் மட்டும், முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் சொல்லலாம். மசோதாவைத் திருப்பி அனுப்புவதானால் கூடிய விரைவில் அனுப்ப வேண்டும் என்கிறது 200ஆவது பிரிவு. அது எத்தனை நாள் என்று அந்தப் பிரிவிலும் இல்லை, ஐவரின் கருத்திலும் இல்லை.